பழிக்கு உச்சவரம்பு

என் மீது அவதூறு வழக்கு வந்தது என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். அரசியல்வாதிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் வரும் வழக்கு அது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான் ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் இருப்பவள். இருபது வருடமாக எண்களைக் கூப்பிட்டு, மருந்துப் பைகளை நீட்டி, "சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு நாளைக்கு மூணு வேளை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் பேசியதில் யாருக்கும் நினைவில் நிற்கக்கூடியது அதிகம் இருக்காது. ஒரே ஒரு நாற்பத்தெட்டு விநாடியைத் தவிர.

என் தங்கைக்கு முதல் பிள்ளை பிறந்தபோது அவளைப் பிரசவ ஓய்வுக்கு என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். எங்களுக்கு அம்மா இல்லை. தங்கை எனக்குப் பதின்மூன்று வருடம் இளையவள். அவளை வளர்த்ததில் பாதி நான்தான் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. அவள் கணவருக்கு எல்லைக்கு அப்பால் ஜொகூரில் ஒரு கட்டுமான வேலை, வார இறுதியில்தான் வருவார். புக்கிட் பாத்தோக்கில் என் மூவறை வீட்டில் ஒரு மாதம் அவளும் பிள்ளையும் நானும்.

பிள்ளையைக் குளிப்பாட்டவும் தங்கைக்கு உடம்பு பிடித்துவிடவும் ஒரு அக்கா வந்தார். மார்சிலிங்கில் இருந்தார். எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பெண்கள் குழு ஒன்று இருக்கிறது. அதில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் கூப்பிடுவது இவரைத்தான். அவர் கோயிலுக்குப் போகிறவர், நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரும் சிறுபிள்ளைகளில் பாதிப் பேர் அவர் கையில் குளித்தவர்கள். காலை ஏழரைக்கெல்லாம் ரயிலில் வந்து இறங்கிவிடுவார். வந்ததும் கைகளை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, பிள்ளையைக் காலின் மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பார். பிள்ளை அழுதது குறைவு. தங்கைக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. அவர் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் சிரித்துப் பேசினாள். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் வாரம், அக்கா வேலை முடித்துப் போன பிறகு, பிள்ளைக்குத் துணி மாற்றும்போது பார்த்தேன். இடுப்புக்குக் கீழே, முதுகு முடிகிற இடத்தில், ஒரு வெள்ளிக் காசைவிடப் பெரிய நீலம். அழுத்திப் பிடித்தால் கன்றிப்போகுமே, அதே நிறம். தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவளை எழுப்பவில்லை. அடுப்படிக்குப் போய் கைபேசியை எடுத்தேன். பெண்கள் குழுவின் கைபேசி அரட்டையில் குரல் பதிவாகப் பேசினேன்.

"யாரும் அந்த மார்சிலிங் அம்மாவ இனிமே கூப்பிடாதீங்க. பிள்ளை இடுப்புல நீலமா கன்னிப்போய்க் கெடக்கு. எண்ணெ தேய்க்கறேன்னு நசுக்கியிருக்கா. பச்சப்பிள்ளன்னு ஒரு இரக்கம் இல்ல. இத்தன வருஷம் எத்தன பிள்ளைங்கள என்ன பண்ணினாளோ."

இன்னும் கொஞ்சம் இருந்தது. அதில் அவர் பெயரையும் சொன்னேன். இங்கே அதை எழுத எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் காலை அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தங்கையையும் பிள்ளையையும் அரசாங்கப் பாலிகிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். மருத்துவர் சின்ன வயதுப் பெண். பிள்ளையைத் திருப்பிப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். இது அடிபட்ட காயம் இல்லை, பிறவியிலேயே தோலுக்கு அடியில் இருக்கும் நிறம், நம்மூர்ப் பிள்ளைகள் பலருக்கு இருப்பதுதான், சில வாரம் கழித்துத் தெளிவாகத் தெரியும், வளர வளர மறைந்துவிடும் என்றார். எல்லாம் இரண்டு நிமிடம். நான் கிளினிக்கில் வேலை செய்பவள் என்று தெரிந்ததும், நீங்கள் பார்த்ததே இல்லையா என்று கேட்டார். நான் மருந்துப் பைகளைத்தான் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளின் முதுகை இல்லை.

வெளியே வந்ததும் குழுவைத் திறந்தேன். நாற்பதுக்கு மேற்பட்டோர் பதில் போட்டிருந்தார்கள். கூப்பிய கைகள், அழுகிற முகங்கள், ஜெபிக்கிறோம் என்ற சொற்கள். நான் என் பதிவை அழிக்கப் பார்த்தேன். எல்லார் கைபேசியிலிருந்தும் அழிப்பதற்கான நேரம் கடந்துவிட்டது என்றது கைபேசி. அதற்கப்புறம் நான் எழுதியது இதுதான்: "பிள்ளை நலமாக இருக்கிறாள். ஜெபித்த எல்லாருக்கும் நன்றி."

அந்த இரண்டு வரியில் பொய் எதுவும் இல்லை. அக்கா மேல் குற்றமில்லை என்ற மூன்றாவது வரியை நான் எழுதவில்லை. எழுதினால் அத்தனை பேர் முன்னால் நான் அவசரக்காரி ஆகிவிடுவேன். நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். மறுநாள் எழுதினால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்பார்கள் என்று தோன்றியது. ஒரு வாரம் போனது. பிறகு அது எழுத முடியாத ஒன்றாகிவிட்டது.

தங்கைக்கு அந்தக் குரல் பதிவு பற்றித் தெரியாது. அவள் அந்தக் குழுவில் இல்லை. அக்கா ஏன் வரவில்லை என்று கேட்டாள். பிள்ளைக்கு மூன்று வாரம் ஆகிவிட்டதே, நானே குளிப்பாட்டுகிறேன் என்றேன்.

அதற்கடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, தேக்கா ஈரச்சந்தையில் கறிக்கடை முன்னால் அக்காவைப் பார்த்தேன். திரும்பி வேறு வழியாகப் போயிருப்பேன். அதற்குள் அவரே பார்த்துவிட்டார். சிரித்துக்கொண்டே வந்தார். பிள்ளை எப்படி இருக்கிறாள், தாய்ப்பால் போதுகிறதா, தங்கைக்கு இடுப்புவலி குறைந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"என்னன்னு தெரியலம்மா, இந்த மாசம் மூணு பேரு வேணாம்னுட்டாங்க. எல்லாம் உங்க சர்ச்சு ஆளுங்க. நான் ஏதும் தப்பா பேசிட்டனா? உங்க காதுல ஏதும் விழுந்துச்சா?"

எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

"சரி, விடுங்க. பிள்ளையப் பாக்கணும்போல இருக்கு," என்றார். போகும்போது தன் பையிலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலையை எடுத்து என் பையில் போட்டுவிட்டுப் போனார்.

என் குரல் பதிவு அவருக்கு எப்படித் தெரியவந்தது என்று பிறகு அறிந்தேன். அவர் குளிப்பாட்டிய பிள்ளையொன்றின் தாய், மனசு கேட்காமல், அந்தப் பதிவை அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவர் அதை முழுவதும் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னாராம். என் குரல் என்று நம்ப முடியாமல்.

வழக்கறிஞரிடமிருந்து முதல் கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், பதிவைத் திரும்பப் பெற வேண்டும், இழப்பீடு தர வேண்டும், இரண்டு வாரத்துக்குள் பதில் வேண்டும் என்று இருந்தது. இணைப்பாக ஒரு தாள். அதில் இடப்பக்கம் நான் பேசியது தமிழில், ஒவ்வொரு சொல்லும் அப்படியே. வலப்பக்கம் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. 'நசுக்கியிருக்கா' என்று நான் சொன்னது ஆங்கிலத்தில் இன்னும் கொடூரமாகத் தெரிந்தது. மொழிபெயர்ப்பு தப்பு என்று சொல்லத்தான் முதலில் தோன்றியது. இரண்டாவது தடவை படித்தபோது தப்பு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அந்தச் சொல்லுக்கு வேறு என்ன பொருள் இருக்க முடியும்?

கடிதத்தை உடுப்பு அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். பதில் போடவில்லை. இப்படிப்பட்ட கடிதங்கள் சும்மா மிரட்டத்தான் என்று வேலையிடத்தில் ஒருத்தி எப்போதோ சொன்னது எனக்கு வசதியாக நினைவுக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்து ஒருவர் கிளினிக்குக்கே வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், என் பெயரை உறுதி செய்துகொண்டு, நீதிமன்றத் தாள்களை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பின்னால் நின்றவர் இருமிக்கொண்டிருந்தார். நான் அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேல்மாடியில், ஒரு இளம் தமிழ் வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். குறுகலான படிக்கட்டு. கீழே பூக்கடையிலிருந்து மல்லிகை வாசனை மாடிவரை வந்தது. அவர் தாள்களைப் படித்து முடிக்கும்வரை நான் அவருடைய மேசையில் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கடிதம் வந்தபோதே ஏன் வரவில்லை என்று கேட்டார். அப்போதே மன்னிப்புக் கேட்டிருந்தால் அநேகமாக அங்கேயே முடிந்திருக்கும் என்றார். பிறகு, நான் சொன்னது உண்மையா என்றார். இல்லை. உண்மை என்று நம்பிச் சொன்னேனா? ஆமாம். அப்படியானால், தெரிந்தவர்களை எச்சரிப்பதற்காக நல்லெண்ணத்தில் சொன்னது என்று வாதாட ஒரு வழி இருக்கிறது என்றார். எனக்கு மூச்சு வந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"டாக்டர் பார்த்து ஒண்ணும் இல்லன்னு சொன்னதுக்கு அப்புறம், குரூப்ல அதைச் சொன்னீங்களா அக்கா?"

சொல்லவில்லை என்றேன். அவர் என் தாள்களை மூடிவைத்தார். அப்படியானால் அந்த வாதம் நிற்காது என்றார் மெதுவாக.

எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று கேட்டேன். வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இருக்கிறது, அங்கே அறுபதாயிரம் வெள்ளிக்கு மேல் தீர்ப்பளிக்க முடியாது, அதுதான் உச்சவரம்பு என்றார். அந்தத் தொகையைக் கேட்டதும் என் முகம் எப்படிப் போயிற்றோ, அவசரமாகச் சமாதானம் சொன்னார். உச்சவரம்பு என்பது கூரை மாதிரி, இந்த மாதிரி வழக்கில் யாரும் கூரையை எட்டுவதில்லை. எத்தனை பேர் கேட்டார்கள், எவ்வளவு கடுமையான சொல், பிறகு திருத்திக்கொண்டேனா, அவருக்கு உண்மையில் என்ன நட்டம் என்றெல்லாம் பார்ப்பார்கள். நட்டம் என்பதில்தான் எதிர்த்தரப்பு பலவீனமாக இருக்கிறது என்றார். அந்த அக்கா எதையும் எழுதி வைத்துக்கொண்டவர் இல்லை. வாய்மொழியில் கூப்பிடுவார்கள், போவார். கையில் கொடுப்பதை வாங்கிக்கொள்வார். வேண்டாம் என்றவர்கள் நீதிமன்றத்துக்கு வந்து, ஆமாம், அதைக் கேட்டுத்தான் வேண்டாம் என்றோம் என்று சொல்ல வேண்டும். எங்கள் தேவாலயத்துக்காரர்கள் எனக்கு எதிராக அப்படி வந்து சொல்வார்களா என்று கேட்டார். வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

"அவங்க இழந்ததெல்லாத்தையும் கோர்ட் பாக்காது அக்கா. நிரூபிக்க முடிஞ்சத மட்டுந்தான் பாக்கும். அது உங்களுக்கு நல்லது," என்றார்.

படியிறங்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், மாதக்கணக்கில் அப்படி ஒரு நிம்மதி இல்லை. கீழே கடையில் ஒரு தே தாரிக் வாங்கி நின்றபடியே குடித்தேன். ஒரு மனுஷிக்கு நான் செய்ததன் அளவு இவ்வளவுதான், இதற்கு மேல் யாரும் என்னைக் கேட்க முடியாது என்று ஒரு சட்டம் எனக்காகவே எழுதி வைத்திருப்பதுபோல் இருந்தது. பாதிக் கோப்பை காலியானபோது, அதே உச்சவரம்பை அவருடைய வழக்கறிஞர் அவருக்கும் விளக்கியிருப்பாரே என்று தோன்றியது. அவர் எந்த முகத்தோடு அந்தப் படியை இறங்கியிருப்பார்? மீதித் தேநீரை நான் குடிக்கவில்லை.

தங்கையிடம் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குள் அவள் தன் வீட்டுக்குப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தாள். தங்கை அந்தப் பதிவைக் கேட்க வேண்டும் என்றாள். போட்டேன். நாற்பத்தெட்டு விநாடியும் அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"என் பிள்ளையப் பத்தின விஷயம். என்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்றேன்.

"அந்த ஆன்ட்டியோட லாயர் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டா நான் போவேன்கா. உள்ளதச் சொல்வேன். நீ கோவப்பட்டாலும் சரி."

கோபம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. அப்போது தொடங்கிய களைப்பு என்னைவிட்டு முழுதாக இன்னும் போகவில்லை.

வழக்கு நடந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தாள்கள் போயின, தாள்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் விடுப்பு எடுத்து, மூன்று ரயில் மாறி, அந்த மேல்மாடிக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தேன். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் உட்காரத் தொடங்கினேன். பெண்கள் குழுவில் வழக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறந்தநாள் வாழ்த்தும் நோன்புக்கால அறிவிப்பும் வந்துகொண்டிருந்தன. நான் வாயைத் திறந்து எதையும் பதிவு செய்வதை விட்டுவிட்டேன். ஆமாம், இல்லை, நன்றி என்று தட்டச்சு மட்டும் செய்தேன்.

விசாரணைக்கு முன்னால் சமரசம் பேசிப் பார்க்கச் சொல்லி ஒரு நாள் குறித்தார்கள். சின்ன அறை, நீள மேசை, நடுவில் ஒரு தண்ணீர்க் குடுவை. சமரசம் செய்துவைக்க வந்தவர் ஒரு சீனப் பெண்மணி, பொறுமைக்காரர். பக்கத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். எதிரே அக்கா. அவருக்கு அவருடைய மகனின் நண்பர் ஒருவர் வழக்கறிஞராக வந்திருந்தார். அக்கா இளைத்திருந்தார். கோயிலுக்குப் போகும்போது உடுத்தும் புடவை என்று நினைக்கிறேன், பச்சைப் பட்டு. என் பக்கம் பார்த்து, வணக்கம் மேடம் என்றார். என் வீட்டுக்கு வந்த மூன்று வாரமும் என்னை அவர் 'ம்மா' என்றுதான் கூப்பிட்டார்.

காலை முழுவதும் வழக்கறிஞர்கள் தொகையைப் பற்றிப் பேசினார்கள். என் வழக்கறிஞர் பழைய தீர்ப்புகளைக் காட்டினார். கேட்டவர்கள் குறைவு, நட்டத்துக்கு ஆதாரம் இல்லை, வழக்கை நடத்தினால் கிடைப்பதைவிடச் செலவு அதிகமாகும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அவர் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. மொழிபெயர்ப்பாளர் அதையெல்லாம் தமிழில் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, நான் பேசலாமா என்று கேட்டார்.

"முப்பது வருஷத்துக்கு மேல இந்த வேலை செய்யறேன். ஒரு பிள்ளை என் கைய விட்டு வழுக்குனதில்ல. இவ்வளவுதான் கெடைக்கும்னு எங்க லாயரும் சொல்லிட்டாரு. சட்டத்துல அவ்வளவுதான்னா சரி, அதுக்கு மேல நான் கேக்கல. இவங்க அதே குரூப்புல, அதே மாதிரி வாயால சொல்லணும். நான் பண்ணலன்னு சொல்லணும். எழுதி அனுப்பக்கூடாது."

சமரசம் செய்தவர் அதைக் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். வழக்கு நடந்து அவர் வென்றாலும், நீதிமன்றம் இழப்பீடு தரச் சொல்லும், இனிப் பேசாதே என்று தடுக்கும். மன்னிப்புக் கேள் என்று கட்டாயப்படுத்தாது என்று விளக்கினார். அது நடக்க வேண்டுமென்றால் நானாக ஒப்புக்கொண்டால்தான் உண்டு. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்த உச்சவரம்பு முழுதாகப் புரிந்தது. வரம்பு வெள்ளிக்கு மட்டுமல்ல. அவருக்கு எது தேவையோ, அது அந்தக் கட்டடத்தில் எந்த மாடியிலும் கிடைக்காது. என்னிடம்தான் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே என்னிடம்தான் இருந்தது.

ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.

இரண்டு வழக்கறிஞர்களும் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுத, மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் ஆக்கினார். 'மேற்கண்ட பதிவில் நான் தெரிவித்த கருத்துகள் ஆதாரமற்றவை என்பதை இதன்மூலம்' என்று தொடங்கியது. அக்கா அதைக் கேட்டுவிட்டுக் கையை அசைத்தார்.

"இது நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குலா. என்னைப் பத்தி இவங்க பேசினப்ப இப்படியா பேசினாங்க?"

நான் தாளை வாங்கி, பின்பக்கத்தில் நானே எழுதினேன். என் வழக்கறிஞர் ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொன்னார், மாற்றினேன். அங்கேயே பதிவு செய்துவிடலாமா என்று அக்கா கேட்டார். அவருக்கு எதிரே உட்கார்ந்து, கைபேசியை வாயருகே பிடித்தேன். இரண்டு தடவை குரல் உடைந்தது, அழித்துவிட்டு மறுபடி பேசினேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

"நான்தான் பேசறேன். போன வருஷம் மார்சிலிங் அக்காவப் பத்தி நான் இங்க ஒரு வாய்ஸ் போட்டேன். அது பொய். பிள்ளை ஒடம்புல இருந்தது பொறந்ததுலேருந்தே இருக்கிற நிறம். டாக்டர் மறுநாளே சொல்லிட்டாங்க. எனக்கு மறுநாளே தெரியும். நான் உங்க யாருகிட்டயும் சொல்லல. அந்த அக்கா என் தங்கச்சி பிள்ளைய நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. தப்பு என்னுது. அவங்ககிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்."

பேசி முடிக்கும்வரை அவர் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பினேன். அனுப்பியாகிவிட்டது என்று கைபேசியைத் திருப்பிக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. சரி என்றார். தாள்களில் கையெழுத்துப் போட்டார். தொகையை வெளியே சொல்லக்கூடாது என்பது உடன்பாட்டில் ஒரு வரி. பெரிய தொகை இல்லை என்று மட்டும் சொல்கிறேன், அதுவே அதிகம்.

ரயிலில் வரும்போது குழுவைத் திறந்து பார்த்தேன். ஆறேழு கட்டைவிரல்கள். இரண்டு கூப்பிய கைகள். என்ன விஷயம், புரியவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் புதிதாகச் சேர்ந்தவர். முன்பு பதில் போட்ட நாற்பது பேரில் பலர் குழுவிலேயே இல்லை. ஒரு தோழி தனியாக எழுதியிருந்தாள். பாவம், உனக்கு நிறைய செலவாகிவிட்டதா, மனசு விடாதே, உனக்காக ஜெபிக்கிறேன் என்று. அக்காவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில மாதம் கழித்து கிளினிக்குக்கு ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தாள். எங்கள் தேவாலயம் இல்லை, எனக்கு அறிமுகமும் இல்லை. மருந்துக்குக் காத்திருந்தபோது, பேச்சுவாக்கில், பிரசவத்துக்குப் பிறகு உதவிக்கு ஆள் தேடுகிறேன் என்றாள். மார்சிலிங்கில் ஒருவர் நன்றாகச் செய்வார் என்று சொன்னேன். அவள் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, அந்த ஆள் வேண்டாம், பிள்ளைகளை நசுக்கிவிடுவாராம், தன் மாமியாருக்கு யாரோ அனுப்பிய பதிவில் கேட்டாளாம், அதில் ஒரு பெண் அழாத குறையாகச் சொல்கிறாள் என்றாள்.

அந்தப் பெண் நான்தான் என்றேன். நான் சொன்னது பொய், அதற்காக மன்னிப்பும் கேட்டிருக்கிறேன் என்றேன். அந்த மன்னிப்புப் பதிவை எடுத்து அங்கேயே போட்டுக் காட்டினேன். அவள் மரியாதைக்காக முழுவதும் கேட்டாள். பிறகு, ஓகே, தேங்க் யூ என்று மருந்துப் பையை வாங்கிக்கொண்டு போனாள். அவள் யாரை அழைத்தாள் என்று தெரியாது. அக்காவை அழைத்திருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். சந்தேகம் இருக்கும்போது ஒரு தாய் எதற்கு ஆபத்தை எடுப்பாள்? அன்று அடுப்படியில் நின்று நானும் அப்படித்தானே யோசித்தேன்.

போன வருடம் தங்கைக்கு இரண்டாவது பிள்ளை உண்டானது. அந்த ஆன்ட்டியைத்தான் கூப்பிட வேண்டும் என்றாள். நீயே பேசு என்றேன். இல்லை, நீதான் பேச வேண்டும் என்றாள். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். ஒரு சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழைத்தேன். எண் மாறவில்லை. நான்தான் என்றதும் அவர் எங்கோ ஒதுங்கிப்போய்க் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, சொல்லுங்க மேடம் என்றார்.

தங்கை உங்களைத்தான் கேட்கிறாள் என்றேன். அவர் முதலில் தங்கைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். மூத்தவள் பேசுகிறாளா என்று கேட்டார். நன்றாகப் பேசுகிறாள் என்றேன். சந்தோஷம் என்றார். தான் இப்போது முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலை செய்வதாகச் சொன்னார். காலையில் வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிட வேண்டும், மதியத்தோடு வேலை முடிந்துவிடும், சம்பளம் மாதாமாதம் வருகிறது.

சனி ஞாயிறு மட்டுமாவது வர முடியுமா என்று கேட்டேன்.

"பிள்ளைங்க வேலை நான் இப்ப எடுக்கறதில்ல மேடம். கோவத்துல சொல்லல. உங்க வழக்கு முடிஞ்சப்புறம் ரெண்டு வீட்டுக்குப் போனேன். பிள்ளையக் கால்ல போட்டா கை யோசிக்குது. இங்க அமுக்கலாமா, செவந்துபோச்சா, அம்மாக்காரி பாக்குறாளான்னு. யோசிக்கிற கையால பிள்ளையக் குளிப்பாட்ட முடியாது. வழுக்கிரும்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. அவர் ஏற்றுக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டார். இன்னொரு தடவை சொன்னால் அது எனக்காகத்தான் இருக்கும். தங்கைக்கு என்ன பத்தியம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பூண்டு அதிகம் சேர்க்கச் சொன்னார். முதல் பத்து நாள் குளிர்ந்த தண்ணீரில் கைவைக்க விடாதீர்கள் என்றார். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்தார்.

தங்கையிடம் அவர் இப்போது வருவதில்லையாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஒரு முகவர் மூலமாக வேறு ஒருவரை ஏற்பாடு செய்தோம். சுறுசுறுப்பான பெண், ஒவ்வொரு நாளும் என்ன செய்தாள் என்று ஒரு படிவத்தில் குறித்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.